தையல் போட்டால் மட்டும் போதுமா?

கையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களில் சின்ன வெட்டுக்காயத்தை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. "மஞ்சளை வெச்சுக் கட்டு, ஆறிடும்" என்பார்கள். தோல் ஆறிவிடும். விரல் மடங்குமா என்று பார்க்க வேண்டாமா?

என் கணவர் பீரோ செய்யும் பட்டறையில் தகடு வெட்டுபவர். 2017-ல் ஒரு நாள் தகடு நழுவி, வலது உள்ளங்கையில் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் கீழே கிழித்துவிட்டது. பக்கத்துக் கிளினிக்கில் 4 தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் கட்டு மாற்றும்போது பார்க்கிறேன், அந்த இரண்டு விரல்களும் மடங்காமல் குச்சி மாதிரி நிற்கின்றன. "வீக்கம் வடிஞ்சா சரியாயிடும், விடு" என்றார் இவர். எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

"தசைநாண் அறுந்திருக்கும்மா, ஆபரேஷன் பண்ணணும்" என்றார் டாக்டர். இதைத்தான் நாம் 'நரம்பு அறுந்துபோச்சு' என்கிறோம். நரம்பு வேறு, தசைநாண் வேறு. முன்கையில் இருக்கும் தசை இழுக்க, விரலை மடக்கும் கயிறுதான் தசைநாண். கட்டை விரலுக்கு ஒன்று, மற்ற விரல்களுக்கு இரண்டிரண்டு. பாவாடை நாடா அறுந்தால் மடிப்புக்குள் ஓடி ஒளிந்துகொள்ளுமே, அதே மாதிரி அறுந்த முனை கைக்குள் ஏறிவிடும். அதைத் தேடிப் பிடித்துத் தைக்கிறார்கள். நாள் கடந்துவிட்டால் முனை சுருங்கிப்போய், வேறிடத்திலிருந்து நாண் எடுத்து ஒட்டுப்போட வேண்டி வரலாம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் பாதி வைத்தியம் வீட்டில்தான்! புறங்கைப் பக்கம் கட்டிய ஸ்பிளின்ட் 6 வாரம், இரவும் பகலும் இருந்தது. கையை அசைக்காமலே வைத்தால் தைத்த நாண் உள்ளே ஒட்டிக்கொண்டு விரல் விறைத்துவிடும். வேகமாக மடக்கினாலோ, பாரம் தூக்கினாலோ தையல் அறுந்துவிடும். அதனால் சில நாட்களிலேயே பயிற்சி ஆரம்பித்தார்கள். ஸ்பிளின்ட்டைக் கழற்றாமல், இடது கையால் ஒவ்வொரு விரலாக மெல்ல மடக்க வேண்டும். மணிக்கொரு தரம் ஞாபகப்படுத்துவது என் வேலை.

வாரக் கூலி நின்றுபோனது. 5-ஆம் வாரம், "வலியே இல்லை, நாளைக்குப் பட்டறைக்குப் போறேன்" என்று கிளம்பினார். "என்னங்க, கூலி போனா சம்பாதிச்சுக்கலாம், கை போனா வருமா?" என்று தடுத்துவிட்டேன். தையல் மெஷினைத் தூசு தட்டி, ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக் காலத்தை ஓட்டினேன். கனமான வேலைக்கு டாக்டர் அனுமதித்தது 3 மாதம் கழித்துத்தான். இன்றும் சுண்டு விரல் முழுசாக நிமிராது. ஆனாலும் தகடு வெட்டும் கத்தரியை அந்தக் கைதான் பிடிக்கிறது.

சகோதரிகளே, வீட்டில் யாருக்காவது கையில் வெட்டுப்பட்டால் மஞ்சள், காப்பிப்பொடி எதுவும் அப்பாதீர்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். தையல் போடும் முன்பே, "விரல் நடு மூட்டிலும் நுனி மூட்டிலும் மடங்குதா, மரத்துப்போயிருக்கா பாருங்க டாக்டர்" என்று கேளுங்கள். வீட்டுக்காரர் வேலை செய்யும் இடத்தில் இ.எஸ்.ஐ. உண்டா என்றும் இப்போதே விசாரித்து வையுங்கள். அது இருந்தால், வேலையில் பட்ட காயத்துக்கு ஓய்வில் இருக்கும் நாட்களில் கூலியில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். எங்களுக்கு அது இல்லாமல் போயிற்று.