மகாவலிக் கரையில் ஒரு வளாகம்

1942-இல் கொழும்பில் ஸ்தாபிக்கப்பட்ட இலங்கைச் சர்வகலாசாலை 1952-இல் பேராதனைக்குப் பெயர்ந்ததற்குப் பின்னால், பாட்ரிக் அபர்குரோம்பியும் கிளிஃபர்ட் ஹாலிடேயும் வகுத்த திட்டமும், கட்டடக் கலைஞர் சேர்லி த அல்விஸின் அயராத உழைப்பும், உபவேந்தர் ஐவர் ஜென்னிங்ஸின் மனவுறுதியும் இருந்தன என்பதை, அந்த வளாகத்தின் நிழற்சாலைகளில் நடக்கும்போதெல்லாம் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். ஹந்தானை மலைச்சரிவையும் மகாவலி நதியையும் தடைகளாகக் கருதாமல், அவற்றையே வளாகத்தின் சௌந்தரியமாக ஏற்றுக்கொண்ட அந்த விவேகம் சாமானியமானதன்று.

பின்னர், 1960-களில், பொறியியல் பீடம் வந்தபோது, அதற்கு நதியின் மறுகரையில் இடம் கிடைத்தது. இரு கரைகளையும் அக்பர் பாலம் இணைத்தது. வளர்ச்சிக்கு இடம் விட்டுவைத்தல் என்பதன் பொருளை அந்தப் பாலத்தின்மேல் நின்றுதான் நான் உணர்ந்தேன்.

எங்கள் ஊர்க் கல்லூரியிலோ, அத்தகைய முன்யோசனை இன்றி, ஒரே ஆண்டின் மானியத்தைச் செலவழிக்கும் அவசரத்தில், விளையாட்டு மைதானத்தின் நடுவே ஒரு கட்டடத்தை எழுப்பினார்கள். அதற்காக வீழ்த்தப்பட்ட மருதமரத்தின் நிழலில்தான் நாங்கள் பரீட்சைக்குப் படித்தோம். இன்று அந்த மரம் நின்ற இடத்தில் வாகனங்கள் நிற்கின்றன.