இருண்ட திரையும் உம்மாவின் குரலும்

இயந்திரம் மனிதனுக்கு அடிமையா, மனிதன் இயந்திரத்துக்கு அடிமையா என்னும் வினாவை மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். சென்ற ஆண்டு அடைமழை நாளொன்றில் அதற்கான விடை நம் வீட்டு மேசைமீதே வந்து அமர்ந்தது.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர்ச் சாலையை அடுத்துக் குடியிருப்பவர்கள் நாம். மழை என்றாலே இப்பகுதியினர்க்கு 2015 டிசம்பர் முதல் நாள் நினைவுக்கு வரும். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்தது. நம் வீட்டில் இடுப்பளவுத் தண்ணீர். உம்மாவின் இரும்புப் பெட்டி அதில் மூழ்கியது. கொழும்பில் வணிகம் செய்த காலத்தில் வாப்பா அவர்கள் அரபுத் தமிழில் எழுதிய கடிதங்கள் கூழாகிப் போயின.

ஆயினும் ஓர் ஆறுதல் இருந்தது. முந்திய ஆண்டில் உம்மா அக்கடிதங்களை ஒவ்வொன்றாக வாசித்துப் பொருள் சொல்ல, நம் மகன் மடிக்கணினியில் அக்குரலைப் பதிந்து வைத்திருந்தான். பரண்மேல் இருந்ததால் கணினி பிழைத்தது. 2019-இல் உம்மா மறைந்தார்கள். அரபுத் தமிழ் எழுத்தைக் கூட்டி வாசிக்க வல்லவர் நம் குடும்பத்தில் அதன்பின் எவரும் இல்லை. பதிவுக்குப் படி ஒன்று எடுக்க வேண்டும் என்று எண்ணாத நாளில்லை. எடுத்த நாளும் இல்லை.

அந்தக் கணினிதான் அன்று விழிக்க மறுத்தது. விளக்கு எரிந்தது, உள்ளே விசிறி சுழன்றது, திரையோ கரிய பலகையாக நின்றது. நாம் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தினோம். பிறகு மகனைக் கடிந்துகொண்டோம். குற்றம் நம்முடையதாக இருக்கும்போது பிறரைக் கடிவது எளிதல்லவா?

ஒரு கடைக்காரர் திறந்துகூடப் பாராமல், "மதர்போர்டு போய்விட்டது, இதைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள்" என்றார். அன்றிரவு வீட்டில் எவருக்கும் உணவு இறங்கவில்லை.

மறுநாள் சானடோரியம் பக்கத்தில் சிறு கடை வைத்திருக்கும் இளைஞரிடம் சென்றோம். அவர் முதலில் கேட்டது, "உள்ளே முக்கியமானது ஏதாவது இருக்கிறதா, பாய்?" என்பதே. சொன்னோம். "அப்படியானால் அதை முதலில் எடுத்துவிடுவோம். போர்டு செத்தாலும் டிஸ்க் சாக வேண்டியதில்லை, இரண்டும் வேறு வேறு" என்றார். வன்தட்டைக் கழற்றி, ஓர் உறையில் பொருத்தித் தம் கணினியோடு இணைத்தார். சற்று நேரத்தில் அச்சிறு கடையில் உம்மாவின் குரல் ஒலித்தது. நம் கண்கள் கலங்கியதைக் கண்டும் காணாதவர்போல் அவர் அடுத்த வேலையைத் தொடங்கினார்.

வேறொரு திரையை இணைத்தார், அதிலும் இருள். ஆகவே பழுது திரையில் இல்லை. மின்னிணைப்பையும் மின்கலத்தையும் நீக்கிப் பொத்தானை அரை நிமிடம் அழுத்தி, எஞ்சிய மின்சாரத்தை வடித்தார், பயனில்லை. பின்னர் 'ராம்' எனப்படும் நினைவகப் பட்டையைக் கழற்றினார். அதன் முனைகளில் ஈரக்காற்றால் மங்கல் படிந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பானால் மெல்லத் தேய்த்து மீண்டும் பொருத்தினார். திரை ஒளிர்ந்தது! கணினி விழித்தவுடன் தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்ளுமாம். நினைவகம் பதில் தராவிடில் திரைக்கு ஒளி வரும் முன்பே நின்றுவிடுமாம்.

"தண்ணீரில் நனைந்திருந்தால் மட்டும் பொத்தானைத் தொடாதீர்கள், பாய். ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால்தான் உள்ளே கருகும்" என்று சொல்லியனுப்பினார்.

வீடு திரும்பியதும் மகனிடம் வருத்தம் தெரிவித்தோம். அன்றிரவே இரண்டு படிகள் எடுத்தோம். ஒன்று வீட்டு அலமாரியில். மற்றொன்று வெளியூரிலுள்ள மகளிடம். இப்பொழுது இரவுதோறும் ஒரு கடிதமாக, உம்மா சொல்லச் சொல்லத் தமிழெழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அன்பர்களே, உங்கள் இல்லத்துப் பெரியவர்களின் குரலும் எங்கேனும் ஒரே ஒரு பெட்டிக்குள் இருக்கக்கூடும். திரை இருளும்வரை காத்திராதீர்கள்.