ஆட்டத்தின் நீளம்

ஒரு பாதையின் நீளத்தைக் கோல்கொண்டு அளக்கலாம். ஒரு நூலின் நீளத்தைப் பக்கங்களால் அறியலாம். வீடியோ விளையாட்டின் நீளத்தை எதனால் அளப்பது? என் பள்ளிப் பருவத்தில், 1995ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை இதற்கு விடை தந்தது.

அப்போது நண்பன் ஒருவனிடம் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்னும் விளையாட்டுக் கேசட்டை இரவலாகப் பெற்றேன். பள்ளி திறக்குமுன் அதனைத் திருப்பித் தரவேண்டும். ஜப்பான் நாட்டு நின்டெண்டோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட விளையாட்டு அது. மாரியோ என்பவனை நடத்திச் சென்று இளவரசியை மீட்கவேண்டும். உலகங்கள் 8, உலகம் ஒன்றுக்குக் கட்டங்கள் 4, ஆக 32 கட்டங்கள். தொடக்கத்தில் மூன்று உயிர்கள் உண்டு. அவை தீர்ந்தபோதெல்லாம் நான் முதற் கட்டத்திற்கே திரும்பினேன்.

பள்ளங்களில் பலமுறை விழுந்தேன். எங்கே தாவுவது, எங்கே நிற்பது என்பதை ஒவ்வொரு வீழ்ச்சியிலும் என் கை கற்றது. ஒருநாள் முழுதும் தடுத்த கட்டத்தைப் பின்னர் ஒரு நிமிடத்தில் கடந்தேன்.

நான்காம் உலகின் கோட்டையில் அகப்பட்டுக்கொண்டேன். அங்கே பாதை மேலும் கீழுமாகப் பிரியும். பிழையான வழியில் சென்றால், கடந்த இடமே மீண்டும் எதிர்ப்படும். நானோ முன்னினும் விரைந்து ஓடினேன், குறித்த நேரம் முடிந்தது, உயிரும் போயிற்று. செக்குமாடுபோல் சுற்றிய என்னை அக்காள் பார்த்தாள்.

"தம்பி, சென்ற முறை எவ்வழியே சென்றாய்?" என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. அவள் ஒரு தாளை எடுத்து, நான் சென்ற வழிகளை ஒவ்வொன்றாகக் குறித்தாள். அன்று மாலையே கோட்டையைக் கடந்தோம். பள்ளி திறப்பதற்கு முதல்நாள் ஆட்டமும் முடிந்தது.

தேர்ந்த ஆட்டக்காரர் குறுக்குவழிகளின் துணையால் அவ்விளையாட்டை ஐந்து நிமிடத்திற்குள் முடிப்பதைப் பின்னாளில் அறிந்து வியந்தேன். அதன் கொள்ளளவும் 40 கிலோபைட்டே. அச்சிறிய ஆட்டம் எனக்கு ஒரு விடுமுறையளவு நீண்டது எவ்வாறு? அதன் கடுமை நீட்டியது. என் கவனக்குறைவு மேலும் நீட்டியது. கை கற்ற நாள்கள் பயனுடையவை. கோட்டையில் சுற்றிய நாள்கள் வீணானவை. ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்வது மட்டும் பயிற்சியாகாது. முன்னைய பிழையை நினைவிற்கொண்டு செய்வதே பயிற்சி.

கேசட்டைத் திருப்பித் தந்துவிட்டேன். ஆயினும், ஒரு கணக்கில் விடை மீண்டும் மீண்டும் தவறும்போது, அக்காளின் வினா இன்றும் என் செவியில் ஒலிக்கிறது: "சென்ற முறை எவ்வழியே சென்றாய்?"