அப்பா ஒட்டிய சுவர்

சுங்கைப்பட்டாணி வீட்டின் வரவேற்பறையில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் வால்பேப்பர். பழுப்பு நிறம், சின்னச் சின்னப் பூக்கள். மற்ற சுவர்கள் தீபாவளிக்குத் தீபாவளி நிறம் மாறும். இதை யாரும் தொட்டதில்லை. தொட அம்மா விட்டதில்லை என்பதே சரி.

அப்பா இறந்து இரண்டு வருடமாகிறது. அந்தச் சுவரின் கீழ்ப்பகுதி உப்பி, ஓரமெல்லாம் கறுப்பாகப் பூசணம் படர்ந்துவிட்டது. அம்மாவுக்கு இரவெல்லாம் இருமல். "ஆள் வச்சு உரிச்சிரலாம்" என்று அண்ணன் சொன்ன அன்று அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். "அவரு ஒட்டினது. நான் போனப்புறம் என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க."

காலை நிகழ்ச்சியில் நேயர்களின் வீட்டுச் சண்டைக்கெல்லாம் பஞ்சாயத்துப் பண்ணுகிறவள் நான். அன்று வாயில் ஒரு வார்த்தையும் வரவில்லை.

சுவரில் காகிதம் ஒட்டுவது அப்பாவுக்குச் சின்ன வயதுப் பழக்கம். பீடோங் பக்கத் தோட்டத்து லயத்தில் பலகைச் சுவர். இடுக்கு வழியாகக் காற்றும் வரும், பக்கத்து வீட்டுப் பேச்சும் வரும். பாட்டி கோதுமை மாவில் கஞ்சி காய்ச்சி, கரப்பான் அரிக்காமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் கலந்து, கிராணி வீட்டிலிருந்து வாங்கிவந்த பழைய 'தமிழ் நேசன்' தாள்களை ஒட்டுவார். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. அதனால் சில பக்கங்கள் தலைகீழாக ஒட்டிக்கொண்டன. பாயில் படுத்தபடி அப்பா எழுத்துக்கூட்டிப் பழகியது அந்தச் சுவரில்தான். தலைகீழ் எழுத்தையும் சரளமாகப் படிப்பார். பிற்காலத்தில் வங்கியில் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாளை இந்தப் பக்கம் இருந்தே படித்துவிட்டு, "நமக்குக் குடுக்கமாட்டான், எந்திரி" என்பார்.

துன் சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது, அச்சங்கம் எங்கள் கெடாவிலேயே புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது, இதெல்லாம் அப்பாவுக்கு அடுப்படிச் சுவர்ச் செய்தி. 1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019 ஜனவரியோடு நின்றுபோனபோது, துக்க வீட்டுக்குப் போய்வந்தவர் மாதிரி ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தார்.

ஒரு வாரம் இருமிய பிறகு அம்மாவே இறங்கி வந்தார். "சரி, உரி. ஆனா நீயே உரி. வெளியாள் வேணாம்." ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் உரித்தால் மூன்றே மாதத்தில் பூசணம் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. உள்ளே போகும் குழாயில் கசிவு. அதைச் சரிசெய்த பிறகு, சுவரில் இருந்த பிளக்குகளுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு தொடங்கினேன். மேலே இருக்கும் வினைல் தோல் காய்ந்த நிலையிலேயே மூலையிலிருந்து இழுத்தால் வந்துவிடும். அடியில் ஒட்டியிருக்கும் காகிதம்தான் அடம் பிடிக்கும். வெந்நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பஞ்சால் நனைத்து, பதினைந்து நிமிடம் ஊறவிட வேண்டும். பிறகு புட்டிக் கத்தியைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளினால் தயிர் ஆடை மாதிரி சுருண்டு வரும். அவசரப்பட்டுக் கத்தியை நிமிர்த்தினால் பூச்சும் பெயர்ந்து வரும். எனக்கு இரண்டு இடத்தில் வந்தது.

பாதிச் சுவர் முடிந்திருந்தது. வெறும் சிமெண்டில் பென்சில் கோடுகள் தெரிந்தன. அப்பாவின் சாய்ந்த எழுத்து.

முன்பணம் 2,500. வக்கீல் 600. மொத்தம் 3,100. அதற்குக் கீழே: கையில் 1,050. கூட்டு 800. கொடி 1,250. மொத்தம் 3,100. பக்கத்தில் ஒரு சரி அடையாளம்.

முதல் வரி உடனே புரிந்தது. 1997இல் இந்த வீட்டுக்கு வந்தோம். மலிவுவிலை வீட்டுக்கு அரசாங்கம் வைத்திருந்த விலை அப்போது 25,000 வெள்ளி. அதில் பத்து விழுக்காடு. தோட்டத்தை விற்றுவிட்டார்கள், லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கூட்டு என்றால் பெண்கள் சேர்ந்து போடும் கூட்டுப் பணம். கொடி?

திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் அம்மா. கழுத்தில் மஞ்சள் கயிற்றின் தடம்கூட இப்போது இல்லை. அப்பா இருந்தவரை அந்தக் கயிறுதான். தங்கம் உடம்புக்கு ஒத்துக்கவில்லை, அரிக்கிறது என்பார். நானும் அதை நம்பி, ஒரு முறை வானொலியில் நிக்கல் ஒவ்வாமை பற்றித் தோல் மருத்துவரைப் பேட்டியெடுத்துவிட்டு, "கேட்டியாம்மா?" என்று பெருமையாகக் கேட்டிருக்கிறேன்.

"அரிக்குதுன்னு சொன்னியேம்மா?"

"கேக்கறவங்களுக்கு ஒரு பதில் வேணும்ல?"

ஆறு பவுன். அடகிலேயே முழுகிவிட்டது. புதிதாக வாங்க அப்பா இரண்டு முறை பணம் சேர்த்தாராம். முதல் முறை அண்ணனின் பாலிடெக்னிக். அடுத்தது என் ஊடகப் படிப்பு. அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று உறவுக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். அம்மா மட்டும் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"குடிவந்த புதுசுல பெயிண்ட் வாங்கக் காசில்ல. வர்றவங்கல்லாம் இந்தக் கணக்கத்தான் படிச்சாங்க. எதையாவது போட்டு மூடுங்கன்னு நான்தான் சொன்னேன். கடைத் தவுக்கே மிச்சம் கெடந்த மூணு ரோல சும்மாக் குடுத்தாரு. ஒரு செவுத்துக்குத்தான் பத்துச்சு."

மீதியை உரிக்க எனக்குக் கை வரவில்லை. அம்மாவே எழுந்து வந்து, பஞ்சை வாங்கி நனைத்தார். கணக்கு இருந்த இடத்தை மட்டும் சுற்றிவிட்டுப் போனார்.

சுவர் முழுதாகக் காய ஒரு வாரமாவது வேண்டும். பிறகுதான் அடிப்பூச்சு, அதற்கு மேல் வண்ணம். நிறத்தைக்கூட அம்மா சொல்லிவிட்டார். இளம்பச்சை. அதுவரை நாற்காலியை அந்தச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறார். மாலையில் தொடர் நாடகம் அவர் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது.