பரம்பிக்குளம்: தண்ணீர் நமக்கு, கரை காட்டுக்கு!

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் வாய்க்காலில் பி.ஏ.பி. தண்ணீர் ஓடுவதைப் பார்க்காதவர்கள் இல்லை. அது புறப்படும் காட்டில் ஓர் இரவு தங்கியவர்கள் குறைவுதான்.

பரம்பிக்குளம் இருப்பது கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில். ஆனால், சாலை தமிழ்நாடு வழியாகத்தான். பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்சிலிப் தாண்டினால் ஆனப்பாடி சோதனைச்சாவடி. கேரளாக்காரர்களும் இப்படிச் சுற்றித்தான் வர வேண்டும். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய மூன்று அணைகளும் கேரள மண்ணில் நிற்கின்றன, பராமரிப்பதோ தமிழ்நாடு.

இது புலிகள் காப்பகம். நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. ஆனப்பாடியில் தேக்கு மரங்களுக்கு நடுவே வனத்துறையே கூடாரங்கள் அமைத்திருக்கிறது. தண்ணீரை ஒட்டித் தங்க வேண்டுமென்றால், தூணக்கடவில் மரவீடு உண்டு. காடர், மலசர், மலைமலசர், முதுவர் என இந்தக் காட்டின் பழங்குடி மக்களே வழிகாட்டிகளாக வருகிறார்கள். அணையைப் பார்த்ததும் குழந்தைகள் கால் நனைக்க ஓடுவார்கள். வழிகாட்டி விடமாட்டார். காரணம், தண்ணீரில் முதலைகள்!

இருட்டிவிட்டால் வெளியே நடமாடக் கூடாது. தூரத்தில் புள்ளிமான் ஒன்று திடீரென்று கத்தும். சிறுத்தையோ புலியோ நடக்கிறது என்று அதற்கு அர்த்தம். அதன் பிறகு கூடாரத்துக்குள் யாரும் பேசுவதில்லை. விடிந்ததும் பனிக்குள்ளிருந்து காட்டெருமைக் கூட்டம் மேய வரும்.

அவசியம் பார்க்க வேண்டியது கன்னிமாரா தேக்கு. ஐந்து பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். வயது 450-க்கும் மேல் என்கிறார்கள். வெள்ளையர் காலத்தில் இங்கே வெட்டிய மரங்களைச் சாலக்குடிக்கு இறக்க, 1907 முதல் டிராம் ஓடியது. கோடரிக்குத் தப்பிய காட்டிலும் ஒரு பகுதி, பிறகு வந்த அணைகளுக்குள் மூழ்கியது.

2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் மதகு ஒன்று உடைந்து தண்ணீர் சாலக்குடி ஆற்றில் வீணாக ஓடியபோது, நம் விவசாயிகள் பதறிப்போனார்கள். இந்தக் காடு எதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பது அப்போது புரிந்தது.

போகிறவர்கள் கவனத்துக்கு: முன்பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. பிளாஸ்டிக்கை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். திரும்பும் வழியில் ஏதாவது ஒரு வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்தி, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று குழந்தைகளிடம் கேளுங்கள். இந்த முறை பதில் தெரிந்திருக்கும்.