வெற்றிடமும் பொருள் தரும்

எழுத்தில்லாத இடமும் பொருள் உணர்த்தும் என்பதை எனக்குக் கற்பித்தவை கணினி நிரல்களே. நிரலில், வரியின் தொடக்கத்தில் விடும் வெற்றிடம் எது எதற்குள் அடங்கும் என்பதைக் காட்டுகிறது. லிஸ்ப் என்னும் நிரல்மொழியைப் பயிலும்போதெல்லாம் இதனை எண்ணி வியந்திருக்கிறேன்.

1958இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் மெக்கார்த்தி இம்மொழியை உருவாக்கத் தொடங்கினார். அதில் நிரல் முழுவதும் அடைப்புக்குறிக்குள் அமைந்த பட்டியல்களே. மூன்றையும் நான்கையும் பெருக்கி, அதனுடன் இரண்டைக் கூட்டுவதைத் தமிழ்ச்சொற்களால் இவ்வாறு காட்டலாம்:

(கூட்டு 2 (பெருக்கு 3 4))

செயலின் பெயர் முதலில் நிற்கும். செயலுக்குரியவை பின்னே வரும். நிரலும் பட்டியல், தரவும் பட்டியல். ஆகவே ஒரு நிரல் மற்றொரு நிரலைத் தரவாக ஏற்றுத் திருத்தவும், புதிதாக ஆக்கவும் இயலும். இதுவே லிஸ்பின் உயிர். மனிதர் எழுதுவதற்கென மெக்கார்த்தி வேறொரு வடிவத்தையும் எண்ணியிருந்தார். நிரலாளர்களோ அடைப்புக்குறி வடிவத்தையே பற்றிக்கொண்டனர்.

எனினும் நிரல் வளர வளர, அதன் இறுதியில் மூடும் குறிகள் நான்கு, ஐந்து, ஆறு எனக் குவிகின்றன. அவற்றை எண்ணிப் படிப்பவர் அரியர். நிரலாளர் ஒவ்வொரு வரியையும் உரிய அளவு உள்தள்ளி எழுதுகின்றனர். கண் அந்த உள்தள்ளலையே படிக்கிறது. கணினியோ அடைப்புக்குறியை மட்டும் படிக்கிறது. இரண்டும் முரண்பட்டால், மனிதர் ஒன்றை நம்புவர். கணினி மற்றொன்றைச் செய்யும்.

கண் காண்பதையே கணினியும் காணுமாறு செய்தால் என்ன? 1966இல் பீட்டர் லாண்டின் உள்தள்ளலுக்குப் பொருள் தரும் விதியொன்றை வகுத்து, அதற்கு ‘ஆஃப்சைடு விதி’ எனப் பெயரிட்டார். 1991இல் வெளிவந்த பைத்தான் மொழி உள்தள்ளலை உலகெங்கும் பழக்கமாக்கியது. லிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கீம் மொழிக்கும் 49, 110, 119 ஆகிய எண்களையுடைய முன்மொழிவுகள் இவ்வழியில் எழுந்தன. அவற்றின்படி மேற்கண்ட நிரல் இவ்வாறு அமையும்:

கூட்டு 2
    பெருக்கு 3 4

ஒரு வரி ஒரு பட்டியல்; அதனினும் உள்தள்ளிய வரி அதன் உறுப்பு. விதி எளிதே, இடர்ப்பாடுகள் பின்னரே தோன்றுகின்றன. ‘தொடங்கு’ என ஒரு சொல் மட்டும் ஒரு வரியில் நின்றால், அது பெயரா, ஏவலா? 49ஆம் முன்மொழிவு அதனைப் பெயராகவே கொள்கிறது. ஏவலாயின் அடைப்புக்குறி இடவேண்டும். இனி, ((அ 1) (ஆ 2)) என்பதில் முதல் உறுப்பே ஒரு பட்டியல். வரியின் தலையில் நிறுத்தச் சொல்லில்லை. அவ்விடத்தில் 49ஆம் முன்மொழிவு ‘குழு’ எனப் பொருள்படும் சொல்லையும், 119ஆம் முன்மொழிவு முக்காற்புள்ளியையும் நிறுத்துகின்றன.

இங்குதான் வடிவமைப்பாளரின் அறம் சோதிக்கப்படுகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் தனி விதி வகுத்தால் எழுதுவது எளிதாகும். ஆனால் லிஸ்பில் எவரும் புதிய தொடரமைப்புகளை ஆக்கிக்கொள்ளலாம். நாளை பிறக்கும் சொல்லுக்கு இன்றே விதி வகுக்க இயலாது. எனவே விதிகள் சிலவாகவும் பொதுவாகவும் இருத்தல் வேண்டும். உள்தள்ளிய வரிகளைக் கண்டவுடன் அவற்றின் மூலப்பட்டியலை ஐயமின்றி மீட்டெழுத இயலவேண்டும்.

அடைப்புக்குறிகளைக் கண்டு அஞ்சும் மாணவருக்கு உள்தள்ளல் ஓர் அகன்ற வாயில் என்றே கருதுகிறேன். வாயிலை அகலமாக்கலாம், அதன்பொருட்டு வீட்டின் தூணை அகற்றலாகாது.