பாதியில் மூடிய புத்தகங்கள்

மாயக் கதைகளைப் பற்றி மதரஸா ஆசிரியன் ஒருவன் எழுத முற்படுவதைக் கண்டு முகஞ் சுளிப்போர் உங்களில் சிலர் இருக்கக்கூடும். நம் முன்னோர் அதிசயக் கதைகளைக் கண்டு அஞ்சியவர்களல்லர். 1572ஆம் ஆண்டில் அரங்கேறிய 'ஆயிரம் மசலா'வுக்கே 'அதிசய புராணம்' என்று மறுபெயர் உண்டு. இஷாவுக்குப் பின் பாட்டிமார் சொன்ன 'அலிஃப் லைலா'க் கதைகளைக் கேட்டே நம்மில் பலர் உறங்கியிருக்கிறோம். இன்று நம் பிள்ளைகள் அதே தாகத்தை ஆங்கில நாவல்களில் தணித்துக்கொள்கிறார்கள். அவர்கள் எதைப் படிக்கிறார்கள் என்று பெற்றோருக்குத் தெரிவதில்லை. கவலை அங்கேதான் தொடங்குகிறது.

சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், தாய் ஒருவர் புத்தகமொன்றை என்னிடம் நீட்டினார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவர் மகன் பள்ளிக்கூட நூலகத்திலிருந்து எடுத்து வந்தது. "ஹஜ்ரத், அட்டையிலேயே சூனியக்காரன் என்று போட்டிருக்கிறதாம். இதை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். ஃபத்வா வழங்க நான் முஃப்தி அல்லன். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றவன் என்பதால், படிக்காமல் கருத்துச் சொல்லவும் மனம் வரவில்லை. ஒரு வாரத் தவணை கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968இல் வெளியிட்ட 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' என்னும் நூல் அது. கடலும் தீவுகளுமே நிறைந்த கற்பனை உலகம். ஆடு மேய்த்துத் திரிந்த கெட் என்னும் சிறுவனிடம் பேராற்றல் இருப்பதைக் கண்டு, ஓகியன் என்ற முதியவர் அவனைச் சீடனாக ஏற்கிறார். இந்த ஓகியனை என்னால் மறக்க இயலவில்லை. மழையை விலக்கும் வல்லமை இருந்தும் அவர் அதனை விலக்குவதில்லை. மரத்தடியில் நனைந்தபடியே உறங்குகிறார். 'பாடம் எப்போது தொடங்கும்?' என்று சிறுவன் பொறுமையிழந்து கேட்க, அது தொடங்கி நாளாயிற்று என்கிறார். வழியோரச் செடி ஒன்றைக் காட்டுகிறார். அதனால் என்ன பயன் என்கிறான் பையன். தமக்குத் தெரிந்து ஒரு பயனும் இல்லை என்று சொல்லிவிட்டு, அதன் வேரையும் இலையையும் பூவையும் எல்லாப் பருவத்திலும் கண்டறியச் சொல்கிறார். 'இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?' என்ற கேள்வியை வாரம் ஒருமுறையேனும் கேட்கிற எனக்கு, அந்தப் பக்கத்தைச் சட்டமிட்டு வகுப்பறையில் மாட்டலாமா என்று தோன்றிற்று.

ஆனால் கெட்டுக்கு அவசரம். ரோக் தீவின் கலாசாலைக்குச் செல்கிறான்; சக மாணவன் ஒருவனின் ஏளனம் பொறாமல், இறந்தோரின் ஆவியை அழைத்துக் காட்டுவதாகச் சவால் விடுகிறான். உலகில் ஒரு பிளவு உண்டாகி, இருள் வடிவமொன்று வெளியே பாய்கிறது. அந்தப் பிளவை அடைக்கும் முயற்சியில் கலாசாலையின் தலைமைக் குரு உயிரிழக்கிறார். மாணவனின் செருக்குக்கு ஆசிரியர் விலை கொடுக்கிறார்! பின்னர் அந்த நிழல் அவனைத் தீவு தீவாகத் துரத்துகிறது. கடைசியில் ஓடுவதை நிறுத்தித் திரும்பி நின்று, தன் சொந்தப் பெயரையே சொல்லி அதனை அழைக்கிறான். நஃப்ஸைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். இவ்வளவு தெளிவான உவமை எனக்கு இதற்குமுன் கிடைத்ததில்லை.

சிஹ்ர் பெரும்பாவம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. இந்த நூலிலோ கற்றுக்கொள்ளத்தக்க மந்திரம் ஒன்றுகூட இல்லை. பெருமைக்காக ஆற்றலைப் பயன்படுத்தியவன் என்ன ஆனான் என்பதே இருக்கிறது. அந்தத் தாயாரிடம் இதைத்தான் சொன்னேன். "அப்படியானால் படிக்கட்டும் ஹஜ்ரத், ஓத வேண்டிய பாடத்தை முடித்துவிட்டுப் படிக்கட்டும்" என்றார். நியாயமான நிபந்தனை.

அந்த ஒரு நூல் என் ஆவலைக் கிளறிவிட்டது. அதன்பின் கிடைத்தவற்றையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். சில முடிந்தன, சில பாதியில் மூடப்பட்டன. ராபர்ட் ஜோர்டன் 1990இல் தொடங்கிய 'தி வீல் ஆஃப் டைம்' பதினான்கு பெரும் பாகங்கள் கொண்டது. அவர் 2007இல் காலமாக, பிராண்டன் சாண்டர்சன் என்பவர் தொடர்ந்தெழுதி 2013இல் நிறைவு செய்தார். நான் மூன்றாம் பாகத்தைத் தாண்டவில்லை. ஒரு பெண் கோபம் வரும்போதெல்லாம் பின்னலை இழுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் எத்தனை முறை இழுத்தாள் என்று எண்ணத் தொடங்கியபோது, புத்தகத்தை வைத்துவிடுவதே உத்தமம் எனக் கண்டேன்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நூலை மூடியது வேறு காரணத்தால். 1996இல் வந்த அந்நூலாசிரியரின் எழுத்து வன்மையை நான் மறுக்கவில்லை. கோபுரத்தில் ஏறிய ஏழு வயதுச் சிறுவன் தள்ளிவிடப்படும் இடத்தையும் பொறுத்துக்கொண்டு மேலே சென்றேன். ஆயினும், பதின்மூன்று வயதுப் பெண்ணொருத்தியை, படையுதவி கிடைக்கும் என்பதற்காக, அவளுடைய அண்ணனே அந்நியத் தலைவனுக்கு மணமுடித்துக் கொடுக்கிறான். அந்த இரவையும் ஆசிரியர் விடாமல் வருணிக்கிறார். அதே வயதுப் பெண் பிள்ளைகள் காலையில் என் முன் அமர்ந்து ஓதுகிறார்கள். என்னால் அடுத்த பக்கம் திருப்ப முடியவில்லை. கொடுமையைக் கதையில் காட்டலாகாது என்பது என் வாதமன்று. அதைக் காட்டும்போது எழுதுகோலுக்குக் கூச்சம் இருக்க வேண்டும் என்பதே. பதின்ம வயதுப் பிள்ளைகள் கையில் இந்நூலைக் கண்டால், பெற்றோரே, தயங்காமல் வாங்கி வையுங்கள்.

இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கப் பெண்மணிகள் இருவர் நம் ஜின் கதைகளை நாவல்களாக்கியிருப்பது பலர் அறியாத செய்தி. கெய்ரோவில் வாழ்ந்த ஜி. வில்லோ வில்சனின் 'அலிஃப் தி அன்ஸீன்' 2012இல் வந்து, மறு ஆண்டே உலகக் கற்பனைப் புனைகதை விருதைப் பெற்றது. வளைகுடா நகரொன்றில் அரசின் கண்காணிப்புக்குத் தப்பியோடும் கணினி இளைஞன், ஜின்களின் உலகில் அடைக்கலம் புகுகிறான். அவனுடைய அண்டை வீட்டுப் பெண் தீனா நிகாப் அணிபவள். அவளைக் கண்டு ஆசிரியை இரக்கப்படவில்லை, மதிப்போடு எழுதுகிறார். அவன்தான் அவளுடைய தகுதியை உணரக் காலம் எடுத்துக்கொள்கிறான். அவனுக்குப் பள்ளிவாசலில் இடங்கொடுத்து அதற்காகத் துன்புறும் முதிய இமாமும் மனத்தில் நிற்கிறார். கொச்சைச் சொற்கள் இருப்பதால் இது பெரியவர்களுக்கு மட்டுமே.

மற்றவர் எஸ். ஏ. சக்ரவர்த்தி. இவருடைய முதல் நாவலான 'தி சிட்டி ஆஃப் பிராஸ்' 2017இல் வந்தது. சுலைமான் நபி (அலை) ஜின்களைத் தண்டித்த வரலாறு எனத் தம் கற்பனையை அதில் விரிக்கிறார். நபிமார்களின் வாழ்வு புனைவுக்குக் களமாவதில் என் மனம் ஒட்டவில்லை, ஒதுக்கிவிட்டேன். ஆனால் 2023இல் வந்த அவருடைய 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் அமீனா அல்-சிராஃபி' என்னை இரண்டு இரவுகள் உறங்கவிடவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டு, ஏடன், சுகுத்ரா, இந்துப் பெருங்கடல். அரபுகள் 'மஅபர்' என்றழைத்த நம் கரையும் அக்கடலின் ஓரத்தில்தானே இருக்கிறது! கப்பல் பூனைக்குப் 'பாயசம்' என்று பெயர் வைத்திருப்பதைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தேன்.

அமீனா ஓய்வு பெற்ற கடற்கொள்ளைக்காரி. முழங்கால் வலி, ஒழுகும் கூரை, வீட்டில் வயதான தாயும் சிறு மகளும். மது அருந்தியவள், திருடியவள். இப்போது தவ்பா செய்து தொழுகையைப் பேண முயல்கிறாள், அடிக்கடி தவறுகிறாள். காணாமற்போன ஒரு பெண்ணைத் தேடித் தரக் கேட்டுப் பெரும்பணத்தோடு ஒரு மூதாட்டி வருகிறார். அந்தப் பெண்ணின் தந்தையோ அமீனாவின் கப்பலில் பணிபுரிந்து மாண்டவன். பணத்தாசை ஒருபுறம், அந்தப் பழைய கடன் ஒருபுறம் இழுக்க, அவள் மீண்டும் கடலேறுகிறாள். தான் பாவி என்று அறிந்தும் படைத்தவனிடமிருந்து முகந் திருப்பாத இத்தகைய பாத்திரத்தை நான் வேறெந்த மாயக் கதையிலும் கண்டதில்லை. வீட்டுப் பெண்களுக்கு வாசித்துக் காட்டலாம். ஓரிரு பக்கங்களைத் தாண்டிச் செல்ல வேண்டியிருக்கும்.

இப்போது என் மேசையில் இருப்பது வில்சனின் 'தி பேர்ட் கிங்' (2019). 1492இல் வீழப்போகும் கிரனடாவின் அரண்மனையில், தான் காணாத இடங்களையும் வரைபடமாக வரையும் ஹஸன் என்பவனைக் காப்பாற்ற, ஃபாத்திமா என்னும் அடிமைப் பெண் அவனுடன் தப்பி ஓடுகிறாள். அவர்கள் இன்னும் கடலை அடையவில்லை. நான் நூற்றிருபதாம் பக்கத்தில் இருக்கிறேன்.